காட்சிச்சாலையும் ஐம்புலனும்

பண்டைப் பொருள்களைத் தொகுத்துவைத்து மக்கட்குப் பயன்படச் செய்யும் இடத்தைச் சென்ற தலைமுறையார் பொருட்காட்சிச்சாலை என்றனர்; இக்காலத்தார் அருங்காட்சியகம் என்பர். இவ்விரு பெயரிலும் நடுநின்று பொருள் தருவது 'காட்சி' என்னும் சொல்லே. அச்சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் கண்ணையே நாடுகின்றது. கண்ணாடிப் பேழை, அதனுள் ஒரு பானை, பானையின் அடியில் ஒரு சிறு விளக்கச்சீட்டு, பேழைக்கு வெளியே கைகட்டி நிற்கும் மக்கள், இவையே காட்சிச்சாலை என எண்ணிப் பழகியிருக்கின்றோம்.

ஆனால், தமிழ் அளவை நூன்மரபிற் காட்சி என்பது கண்ணொன்றன் தொழிலன்று. மணிமேகலையுள் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதை அளவைகளை எடுத்தோதுமிடத்து, காண்டல் என்னும் அளவையைக் கண், செவி, மூக்கு, நா, மெய் என்னும் ஐம்பொறிக்கும் பொதுவாக வைத்தே பேசுகின்றது. வண்ணத்தைக் கண் அறிவதும் காட்சி. ஓசையைச் செவி அறிவதும் காட்சி. வன்மை மென்மைகளை மெய் அறிவதும் காட்சி. தொல்காப்பியரோ, உயிர்களை அறிவின் வகையாற் பகுக்கும் மரபியலில், தொடுவுணர்வையே முதலறிவாக வைத்தார். சுவையையும் நாற்றத்தையும் அடுத்து நிறுத்தினார். கண்ணறிவுக்கு அவர் தந்தது நான்காம் இடமே.

இவற்றை உளங்கொண்டு நோக்கின், கண்ணுக்கு மட்டும் விருந்தளித்து ஏனைப் புலன்களை வாயிலிலேயே நிறுத்திவிடும் காட்சிச்சாலை தன் பெயருக்கே முற்றும் உரியதாகாது என்பது புலனாகும். கண் காணாதார், செவி கேளாதார், நடக்கமாட்டாதார், எழுத்தறியாதார், முதியோர், சிறுவர் ஆகிய யாவரும் புகுந்து அறிவு பெறத்தக்க தொல்பொருட்காட்சிச்சாலையை எங்ஙனம் அமைத்தல் கூடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்சிச்சாலையின் கடமை

சென்னை அரசினர் பொருட்காட்சிச்சாலை 1851-ஆம் ஆண்டில் தோன்றியது. தொடக்கத்தில் அது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டிடத்தில் இருந்தது; 1854-ல் எழும்பூருக்கு மாற்றப்பட்டது. நகர மக்கள் அதனைச் 'செத்த காலேஜ்' என்றும், அதனைச் சார்ந்து எழுந்த உயிர்க்காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கினர். அப்பெயர்களில் நகைச்சுவையேயன்றி ஓர் உண்மையும் அடங்கியுள்ளது. கல்லூரிப் படியை மிதித்தறியாத உழவரும் கூலியாளரும் காட்சிச்சாலையைத் தங்கள் காலேஜாகக் கொண்டனர். கல்லூரிக்கு வர இயலாதார்க்கும் கல்வி தரும் இடம் காட்சிச்சாலை என்பதைப் பெரியோர் வரையறுத்துக் கூறுவதற்கு நெடுங்காலம் முன்னரே பொதுமக்கள் உணர்ந்திருந்தனர் எனலாம்.

அவ்வரையறையும் பின்னர் வந்தது. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் பிராகு நகரிற் கூடிய அனைத்துலகக் காட்சிச்சாலை மன்றம், காட்சிச்சாலை யாது என்பதற்குப் புதிய இலக்கணம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. காட்சிச்சாலை பொதுமக்கட்குத் திறந்திருத்தல் வேண்டும் என்பது பழைய இலக்கணத்திலேயே உள்ளது. எல்லாரும் அணுகத்தக்கதாகவும், எவரையும் புறத்தொதுக்காது உட்கொள்வதாகவும் இருத்தல் வேண்டும் என்பது புதிய இலக்கணம் சேர்த்தது. இச்சேர்க்கை சிறிதெனினும் பொருள் பெரிது. கதவு திறந்திருத்தல் வேறு. அக்கதவின் வழியே உட்புக இயலுதல் வேறு. புகுந்தபின் பிறர் பெறும் அறிவைத் தானும் பெறுதல் வேறு. முதலாவது மட்டும் இருந்து பின்னிரண்டும் இல்லையாயின், அக்கதவு சிலர்க்கு மூடியே கிடக்கின்றது.

தொல்பொருளின் தனித்தன்மை

காட்சிச்சாலைகள் பல திறத்தன. ஓவியச்சாலையின் பொருள் பெரிதும் கண்ணுக்கே உரியது. தொல்பொருட்சாலையோ அத்தகையதன்று. மண்ணிலிருந்து வெளிப்படும் பொருள்களுட் பெரும்பாலன கையாற் செய்யப்பட்டுக் கையாற் பயன்படுத்தப்பட்டவை. பானையை வனைந்தது கை. தக்களியைச் சுழற்றியது கை. பகடைக்காயை உருட்டியது கை. அம்மியில் அரைத்ததும் கை. கைக்கென்று பிறந்த பொருளைக் கையினின்றும் பிரித்துக் கண்ணாடிக்குள் வைத்தபோது, அதன் பொருளில் ஒரு பாதியை நாமே மறைத்துவிட்டோம்.

எம் வகுப்பில் எம்மொடு தமிழ் பயிலும் நண்பர் ஒருவர் பிறவியிலேயே பார்வையிழந்தவர். பிரெயில் நூல்களாலும் பிறர் படிக்கக் கேட்டும் சங்கச் செய்யுட்கள் பலவற்றை நெஞ்சில் நிறுத்தியவர். ஒருகால் யாங்கள் ஒரு காட்சிச்சாலைக்குச் சென்றிருந்தபோது, பண்டைத் தமிழெழுத்துப் பொறித்த ஓடு ஒன்று பேழையில் இருப்பதை அவருக்குக் கூறினோம். அவர், "அவ்வெழுத்து ஓட்டின்மேல் எழுந்து நிற்கின்றதா, ஓட்டுக்குள் ஆழ்ந்து கிடக்கின்றதா?" என்று வினவினார். கண்ணாடியின் பளபளப்பில் அது தெளிவாகத் தெரியவில்லை. விளக்கச்சீட்டும் அது பற்றி ஒன்றும் கூறவில்லை. பொருளைத் தொடலாகாது என்பது அங்குள்ள விதி. பார்வையுடைய எங்களுள் எவருக்கும் தோன்றாத அவ்வினாவே அவ்வோட்டைப் பற்றிக் கேட்கத்தக்க முதல் வினா என்பது பின்னர் விளங்கிற்று.

அதற்குரிய விடையைக் கீழடி தருகின்றது. சிவகங்கை மாவட்டத்தில், மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக்கரையை ஒட்டியுள்ள அவ்வூரில் இந்தியத் தொல்லியல் துறையினர் 2014-15-ஆம் ஆண்டில் அகழாய்வைத் தொடங்கினர். 2018 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அதனை மேற்கொண்டனர். அங்குக் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' முதலிய பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ளன. அவ்வெழுத்துக்கள் மையால் எழுதப்பட்டவை அல்ல. கூரிய முனையாற் கீறப்பட்டவை. ஆகவே அவை ஓட்டுக்குள் ஆழ்ந்து கிடக்கின்றன. ஆழ்ந்து கிடப்பதை விரல் அறியும். பல நூற்றாண்டுகட்கு முன் ஒருவன் தன் பானையிற் கீறிய பெயரைக் கண்ணில்லாதார் ஒருவர் விரலால் இன்று படித்தல் கூடும். காகிதத்தில் அச்சிட்ட எந்நூலும் அவருக்கு இவ்வுதவியைச் செய்யாது. பிரெயில் எழுத்துப் பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே விரலாற் படிக்கத்தக்க தமிழ் இருந்தது. அதனைக் கண்ணாடிக்குள் வைத்ததனாலேயே அவருக்கு எட்டாததாயிற்று. குறை கண்ணில் இல்லை, அமைப்பில் உள்ளது. இக்கட்டுரை வற்புறுத்த விரும்புவது இவ்வொன்றே.

பிற நாட்டார் செய்தன

தொட்டறியச் செய்யும் முறை புதுவதன்று. இங்கிலாந்தில் சண்டர்லாந்து நகரத்துக் காட்சிச்சாலையின் தலைவராய் இருந்த சார்ல்டன் டீசு என்பார், 1906-ஆம் ஆண்டு முதல் பார்வையற்ற சிறுவரையும் பெரியோரையும் வரவழைத்து, பொருள்களைக் கையாலே தடவி அறியச் செய்தார். 1913-ல் அவ்வநுபவங்களைத் தொகுத்து ஏனைக் காட்சிச்சாலையார்க்கு எடுத்துரைத்தார்.

கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரில், பார்வையற்றோர்க்கான சங்கம் ஒன்று 1984-ல் தொட்டறி காட்சிச்சாலை ஒன்றை நிறுவியது. பண்டைக் கிரேக்கச் சிலைகளும் கலங்களும் அங்கு ஒப்புருக்களாய் உள்ளன. வருவோர் யாவரும் அவற்றைத் தொடலாம். இத்தாலியில் அங்கோனா நகரில் பார்வையற்ற கணவன் மனைவியரான ஆல்டோ கிரசீனியும் தானியேலாவும் ஊர் ஊராய்ச் சென்று, எதனையும் தொட இசைவு பெறாது திரும்பிய வருத்தத்தினின்றும் ஒரு முயற்சியைத் தொடங்கினர். அதன் பயனாக 1993-ல் ஓமர் பெயரால் ஒரு தொட்டறி காட்சிச்சாலை எழுந்தது. 1999-ல் அந்நாட்டு அரசு அதனைத் தேசியக் காட்சிச்சாலையாக ஏற்றது. பார்வையற்றவர் எனக் கிரேக்க மரபு போற்றும் பெருங்கவியின் பெயரை அதற்கு இட்டமை பொருத்தமுடைத்து.

இம்மூன்றிலும் ஒரு படிமுறை வளர்ச்சி உண்டு. சண்டர்லாந்தில் ஒரு தலைவரின் நல்லெண்ணம் குறித்த நாட்களில் மட்டும் கதவைத் திறந்தது. ஏதென்சில் பார்வையற்றோர்க்கெனத் தனிச்சாலை எழுந்தது. அங்கோனாவில் பார்வையற்றோர் தாமே அமைத்த சாலைக்குப் பார்வையுடையாரும் சென்று, தொட்டறியும் முறையைக் கற்கின்றனர். இனி வேண்டுவது நான்காம் படி. அஃதாவது, தனிச்சாலையும் தனிநாளும் வேண்டாமல், ஒவ்வொரு காட்சிச்சாலையும் கட்டும்போதே யாவர்க்கும் உரியதாய்க் கட்டப்படுதல்.

நம் நாட்டின் நிலை

2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனுடையோர் 2 கோடியே 68 இலட்சம்; தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 11 இலட்சத்து 80 ஆயிரம். மூப்பினாற் கண் மங்கியோரும் முழங்கால் தளர்ந்தோரும் இக்கணக்கில் முழுமையாக அடங்கார். 2006-ல் ஐக்கிய நாட்டுப் பேரவை ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 30-ஆம் உறுப்பு, காட்சிச்சாலைகளையும் நினைவிடங்களையும் அணுகுதல் அவர்தம் உரிமை எனக் கூறுகின்றது. இந்தியா 2007-ல் அவ்வுடன்படிக்கையை உறுதிசெய்தது. 2016-ல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் 21 வகைக் குறைபாடுகளை எடுத்தெண்ணிப் பொதுக்கட்டிடங்கள் யாவும் அணுகத்தக்கனவாதல் வேண்டும் என விதித்தது. 2024 நவம்பர் 8-ல் உச்சநீதிமன்றம், இது வெறும் பரிந்துரையாய் நிற்றல் போதாது, கட்டாயமான குறைந்த அளவு விதிகள் வகுக்கப்படல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஆகவே யாம் ஈண்டுக் கூறுவன அருளால் ஈயும் கொடையைப் பற்றியன அல்ல; உரிமையைப் பற்றியன.

நம் நெல்லைச் சீமைக்கு இத்துறையில் ஒரு தனிக்கடமையும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டிப் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்சு சுவெயின்சன் அம்மையார் செவிப்புலனற்ற சிறார்க்கும், ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற சிறார்க்கும் கல்வி அளிக்கத் தொடங்கினர். அதே காலத்தில், பொருநைக்கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் இரீ என்பார் தாழிகளை அகழ்ந்துகொண்டிருந்தார். ஒரே ஆற்றங்கரை நாட்டில் ஒருபுறம் பண்டைப் பொருள்கள் வெளிப்பட்டன. மறுபுறம் விரலாற் படிக்கவும் கையாற் பேசவும் சிறார் கற்றனர். இவ்விரண்டையும் இணைத்தல் நம் தலைமுறையின் பணி.

அமைக்கும் முறை

1. வாயிலும் வழியும். 2023 மார்ச்சு 5-ஆம் நாள் திறக்கப்பட்ட கீழடிக் காட்சிச்சாலை செட்டிநாட்டுக் கட்டிட முறையைத் தழுவியது. நம் நாட்டுக் கட்டிட மரபைப் போற்றுதல் நன்றே. எனினும், அம்மரபில் எழுந்த பழைய இல்லங்களில் உயர்ந்த அடித்தளமும், திண்ணைப் படிகளும், வாயில்தோறும் நிலைப்படியும் உண்டு. மரபைப் பின்பற்றுவோர் தூணையும் முற்றத்தையும் கொள்க. நிலைப்படியைத் தரையொடு தரையாக்குக. படி உள்ள இடத்திற் சாய்தளமும் வேண்டும். ஓரடி உயரம் ஏறுதற்குச் சாய்தளம் பன்னிரண்டடி நீளத்திற்குக் குறையாது இருத்தல் முறை. வாயில் 900 மில்லிமீட்டர் அகலமும், சக்கர நாற்காலி திரும்பும் இடம் 1,500 மில்லிமீட்டர் விட்டமும் உடையனவாதல் வேண்டும். சாய்தளம் கட்டிடத்தின் பின்புறத்தில் ஒளிந்திராது தலைவாயிலிலேயே அமைக. புறவாயில் வழியே அழைக்கப்படும் விருந்தினர் உண்மை விருந்தினர் ஆகார்.

2. பேழையும் ஒளியும். பேழைகள் பெரும்பாலும் நின்று நோக்குவார் கண்ணளவிற்கே அமைக்கப்படுகின்றன. சக்கர நாற்காலியில் அமர்ந்தாரும் சிறுவரும் பேழையின் அடிப்பலகையையே காண்பர். சிறுபொருள்களின் நடுப்பகுதி தரையினின்றும் 40 அங்குலத்திற்கு மேற்படாதிருப்பின் நிற்பார்க்கும் இருப்பார்க்கும் ஒருங்கே பயன்படும். ஒளியைப் பற்றியும் ஒன்று அறிதல் வேண்டும். துணியும் ஓலைச்சுவடியும் ஒளியால் நலிவன. ஆதலின் அவற்றை மங்கிய ஒளியில் வைத்தல் இன்றியமையாதது. சுட்ட மண்ணும் கல்லும் அங்ஙனம் நலிவன அல்ல. பானை ஓட்டை இருளில் வைத்துக் கண் மங்கியோரை வருத்துதற்குக் காரணம் யாதும் இல்லை. ஒருபுறமிருந்து சாய்வாக விழும் ஒளியானது கீறலின் ஆழத்தைக் காட்டி எழுத்தைத் தெளிவுறுத்தும்.

3. தொடு மேசை. ஒவ்வொரு கூடத்திலும், முழங்கால் நுழைய இடம்விட்ட மேசை ஒன்று வேண்டும். அதன்மேல் இருவகைப் பொருள்கள் வைக்கப்படலாம். முதல்வகை உண்மைப் பொருள்கள். அகழாய்வில் ஓடுகள் எண்ணிறந்தன கிடைக்கின்றன. அவற்றுள் மேற்பரப்பிற் கிடைத்து எவ்வடுக்கிற்கு உரியவை எனத் துணிய இயலாதனவும் பல. ஆய்வுக்குப் பயன் குறைந்த அவ்வோடுகள் கைக்குப் பெரும்பயன் தருவன. கருப்புச் சிவப்புப் பாண்டத்தின் மெருகேறிய வழவழப்பையும், நாட்பாண்டத்தின் சொரசொரப்பையும், குயவன் விரல் சுழன்ற வரையையும் தொட்டறிதல் கூடும். இரண்டாம் வகை ஒப்புருக்கள். எழுத்துப் பொறித்த ஓடு, பகடை, மணி முதலிய அரியவற்றை மும்பரிமாண முறையில் அளந்து அச்சிட்டு வைக்கலாம். நுண்ணிய எழுத்தை இருமடங்கு பெருக்கியும் வைக்கலாம். ஆதிச்சநல்லூர்த் தாழி போன்ற பெரும் பொருளை உள்ளூர்க் குயவரைக் கொண்டே முழு அளவில் வனையச் செய்க. சிறுவன் ஒருவன் அதன் வாயிற் கைவிட்டு அடியைத் தேடும்போது, தாழியின் பெருமை எந்தப் படத்தினும் நன்கு விளங்கும்.

4. ஆழத்தை அறிவித்தல். தொல்லியலின் உயிர்நிலை மண்ணடுக்கு. மேலடுக்குப் பிந்தியது, கீழடுக்கு முந்தியது என்னும் ஒரு விதியின்மேல் அவ்வறிவு நிற்கின்றது. ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டு 5-ல் திறக்கப்பட்ட களக்காட்சிச்சாலையில் அகழ்ந்த குழியையும் தாழிகளையும் இருந்தவிடத்திலேயே வைத்து, அவற்றின்மேல் கண்ணாடித் தளம் இட்டுள்ளனர். பார்வையுடையார்க்கு இஃது அரிய காட்சி. கண் காணாதார்க்கு அதன் அருகே வேறொன்று வேண்டும். கீழடியில் 353 செண்டிமீட்டர் ஆழத்திற் கிடைத்த கரியின் காலம் கி.மு. 580 எனவும், 200 செண்டிமீட்டர் ஆழத்திற் கிடைத்ததன் காலம் கி.மு. 205 எனவும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. 353 செண்டிமீட்டர் நீளக் கயிறு ஒன்றை எடுத்து, அவ்விரண்டு அளவிலும் முடிச்சிட்டு, முடிச்சுதோறும் அவ்வடுக்கின் மண்ணையும் ஓர் ஓட்டின் ஒப்புருவையும் கட்டிவைக்கலாம். ஒருவர் அக்கயிற்றைக் கையால் நழுவவிட்டுக்கொண்டே செல்லின், நூற்றாண்டுகள் அவர் விரல்வழியே கடந்துசெல்லும். சக்கர நாற்காலியிலிருந்து குழியை எட்டிப் பார்க்க இயலாதார்க்கும், ஆழம் என்பது காலம் என்று விளங்கிக்கொள்ளாத சிறுவர்க்கும் அக்கயிறே ஆசிரியன். செலவு சில முழக் கயிற்றின் விலைக்குச் சற்றே மிகும்.

5. எழுத்தும் மொழியும். விளக்கச்சீட்டின் எழுத்துப் பெரிதாயும், பின்புலத்தினின்றும் நன்கு வேறுபட்ட நிறத்ததாயும் இருத்தல் வேண்டும். பிரெயிலும் வேண்டும், அது கைக்கு எட்டும் உயரத்திற் சாய்வான பலகையில் அமைதல் வேண்டும். முதுமையிற் பார்வையிழந்தோர் பலர் பிரெயில் அறியார். அவர்க்குப் புடைத்த தமிழெழுத்தும், பேசும் கருவியும் துணையாம். மொழியோ எல்லார்க்கும் பொது. 'கீறல் பொறிப்புடைய கருப்பு சிவப்புப் பாண்டத் துண்டு' என்று எழுதின், அறிந்தார்க்கே அது விளங்கும். 'இஃது ஒரு பானையின் தோட்பகுதி. இதன் மேல் ஒருவர் பெயரைக் கூரிய முனையாற் கீறியுள்ளனர். பானையைக் கவிழ்த்துச் சுட்டமையால் உட்புறம் கறுத்தது. வெளிப்புறம் சிவந்தது' என்று எழுதின், எழுத்தறியாத மூதாட்டிக்குப் பேரன் படித்துச் சொல்லினும் விளங்கும். பேசும் கருவி சொல்லினும் விளங்கும். கண் காணாதார்க்கென எழுதப்படும் விளக்கம் கண்ணுடையார்க்கும் கூடுதலான அறிவைத் தருகின்றது என்பதற்கு இதுவே சான்று.

6. செவி கேளாதார்க்கு. இவர்க்கு எழுத்தே போதும் எனக் கருதுவார் உளர். அது பொருந்தாது. பிறவியிலேயே செவிப்புலனற்றார் பலர்க்குச் சைகை மொழியே தாய்மொழி; எழுத்துமொழி பின்னர்க் கற்ற பிறமொழி போன்றது. ஆதலின் ஒவ்வொரு கூடத்திலும் இந்தியச் சைகை மொழியில் விளக்கம் தரும் படக்காட்சி வேண்டும். வழிகாட்டுவோர் பேழையை நோக்கிப் பேசாது வந்தார் முகத்தை நோக்கிப் பேசுக. இருளில் நின்று பேசற்க. உதட்டசைவு கொண்டு பொருளறிவார்க்கு இச்சிறு பழக்கம் பேருதவியாம்.

7. அமைதியும் இருக்கையும். கூடந்தோறும் சாய்வும் கையும் உடைய இருக்கைகள் வேண்டும். இரைச்சலும் மின்னும் ஒளியும் பொறாத சிறாரும் உளர். அவர்க்கென வாரத்தில் ஒரு பொழுது ஒலிகளை அடக்கி வைத்தலும், ஓர் அமைதியறை ஒதுக்குதலும் நன்று. தளர்ந்தார்க்கென இடப்பட்ட இருக்கையிற் கைக்குழந்தையுடைய தாயரும் அமர்வர்.

தடைகளும் விடைகளும்

இவற்றைக் கேட்போர் மூன்று தடைகளை எழுப்புதல் கூடும்.

தொடுவதனாற் பொருள் கெடும் என்பது முதல் தடை. இஃது ஓரளவு உண்மை. கையின் வியர்வையிலுள்ள உப்பு செம்பையும் இரும்பையும் அரிக்கும். நுண்துளை மிக்க கல் நெய்ப்பசை ஏற்றுக் கறுக்கும். ஆதலின் உலோகமும் எழுத்துடை ஓடும் எலும்பும் ஒப்புருவாகவே கைக்கு வருக. எழுத்தில்லா ஓடும், கனத்த அம்மியும் போன்றன, கைகழுவி மோதிரம் களைந்த கையாற் பயிற்சியுடையார் முன்னிலையில் தொடப்பட்டால் எய்தும் கேடு மிகச் சிறிது. எப்பொருளையும் தொடவிடுதல் ஒரு கோடி. எதனையும் தொடவிடாமை மறுகோடி. எது பொறுக்கும், எது பொறாது எனப் பகுத்தறிதலே காப்பாளர் கடமை.

செலவு மிகும் என்பது இரண்டாம் தடை. கட்டி முடித்த பின்னர் இடித்துச் சாய்தளம் அமைத்தல் செலவு மிக்கதே. வரைபடத்திலேயே அதனை வரைந்துவிடின் கூடுதற் செலவு சிறிதாகும். கயிறு, மண், குயவர் வனைந்த பானை, தெளிவான தமிழ் ஆகியவற்றிற்கு வேண்டுவது பொருளினும் எண்ணமே.

அத்தகையோர் வருவது அரிது என்பது மூன்றாம் தடை. பாலம் இல்லாத ஆற்றின் கரையில் நின்றுகொண்டு, கடப்பார் ஒருவரையும் காணேம், ஆதலின் பாலம் வேண்டா என்று கூறுவது போன்றது இது. வழியின்மையால் வாராதாரை விருப்பின்மையால் வாராதார் எனக் கொள்ளுதல் வழு.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. கட்டிடம் எழுவதற்கு முன்னரே, அதனைப் பயன்படுத்துவார் அமைப்புக் குழுவில் இடம்பெறுதல் வேண்டும். பிரெயில் பலகை எட்டாத உயரத்தில் மாட்டப்படுவதும், சாய்தளத்தின் முடிவில் ஒரு படி எஞ்சி நிற்பதும், நல்லெண்ணம் குறைந்தமையால் நிகழ்வன அல்ல; உரியாரைக் கேளாமையால் நிகழ்வன. அங்கோனாக் காட்சிச்சாலை சிறந்ததற்குக் காரணம், அதனை எண்ணியவர்களே பார்வையற்றவராய் இருந்தமை அன்றோ?

முடிவுரை

தொல்பொருள் ஒரு சிலர்க்கு உரிய சொத்தன்று. கீழடியிற் பானை வனைந்தவன் பெயர் தெரியாத குயவன். அதிற் பெயர் கீறிய ஆதனும் குவிரனும் அரசர் எனத் துணிதற்குச் சான்றில்லை. பொதுமக்கள் ஆக்கிய பொருள் பொதுமக்கள் யாவரையும் சென்று சேர்தலே முறை. அவ்வோட்டைத் தொட்ட பண்டை மக்களுள்ளும் கண் காணாதாரும் நடக்கமாட்டாதாரும் இருந்தே இருப்பர். அன்று அவர் கையில் இருந்த பானை, இன்று அவர் போன்றார் கைக்கு எட்டாது போதல் தகுமோ?

மாணவ நண்பர்களே! கட்டிடம் எழுப்புதல் அரசினர் பணி. ஆயினும் நம்மால் இயல்வனவும் உள. விளக்கச்சீட்டுகளைத் தெளிந்த தமிழில் எழுதித் தருதல் தமிழ் மாணவர்க்கு எளிது. அவற்றை வாய்விட்டுப் படித்து ஒலிப்பதிவு செய்தலும் எளிது. வரலாற்று மாணவர் அடுத்த சுற்றுலாவிற்கு நம் ஊர்ப் பார்வையற்றோர் பள்ளி, செவிப்புலனற்றோர் பள்ளி மாணவரையும் உடனழைத்துச் செல்லலாம். சென்று, அவர் வினவும் வினாக்களைக் குறித்துக்கொண்டு காட்சிச்சாலைத் தலைவர்க்கு அனுப்பலாம். பழைய மாணவருட் பொறியாளராயும் அலுவலராயும் இருப்போர் தாம் வரையும் வரைபடத்திலும் ஒப்பமிடும் தாளிலும் ஒரு சாய்தளத்தையும் ஒரு தொடு மேசையையும் மறவாது சேர்க்கலாம்.

காட்சி என்னும் சொல்லை நம் முன்னோர் ஐம்புலனுக்கும் உரியதாய் ஆண்டனர். நாம் அதனைக் கண்ணுக்கு மட்டும் சுருக்கிக்கொண்டோம். சுருங்கிய சொல்லை மீண்டும் விரித்தல் அகராதியால் ஆவதன்று. விரல் தொடும் உயரத்தில் வைக்கப்படும் ஓர் ஓட்டினால் ஆவது. அங்ஙனம் வைக்கும் காட்சிச்சாலையே அப்பெயர்க்கு முழுதும் உரியதாகும்.